மாப்பிள்ளைத் தோழன்

எங்கள் குதிரைப் பண்ணையில் அவருக்கு மாப்பிள்ளைத் தோழன் என்று பெயர். வைத்தது நான்தான். மாப்பிள்ளை என்பது துரை. கரும்பழுப்பு நிறம், நெற்றியில் விரலால் இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு, தடை தாண்டும் போட்டிகளில் பெயர் வாங்கிய பொலிகுதிரை. அவனைப் பின்வாசல் வழியாக அழைத்துப்போய், தோல் போர்த்திய மரக்குதிரை மேல் ஏறவிட்டு, நடக்க வேண்டியது நடந்ததும் திரும்பக் கொண்டுவந்து கட்டுவது இவர் வேலை. குழாயில் பிடித்த வித்து, அதாவது விந்து, கைக்கு வந்ததும் நுண்ணோக்கியில் வைத்து, உயிர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பது என் வேலை.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர். சுவரில் ஒரு கையகல ஜன்னல். குழாயைத் துண்டால் சுற்றி அந்த ஜன்னலில் நீட்டுவார். நீட்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான்.

"அண்ணே, நானும் கல்யாணமாகி ரெண்டு பெத்தவதான். இந்தப் பக்கம் பாத்துக் குடுங்க, கீழ விழுந்துடப் போகுது" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"பிடிச்சுக்கம்மா" என்பதோடு சரி. ஆள் போயே போய்விடுவார். சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாட்டி, தலை வாரிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். சந்தன சோப்பு. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருக்கும்.

வம்சக் கதை என்று ஆரம்பித்தால் மட்டும் இந்தக் கூச்சமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. துரையின் அப்பன் கடல் தாண்டிய ஊரில் பெரிய ஜாம்பவான். அவன் இங்கே வந்ததே இல்லை. அவன் வித்து மட்டும் உறைந்துபோய் ஒரு கேனில் வந்து இறங்கியது. வந்து சேர்வதற்குள் அவன் செத்தும் போய்விட்டான். "அப்பன் மூஞ்சிய இவனும் பாக்கல, நானும் பாக்கல" என்பார். அம்மா எங்கள் பண்ணையிலேயே இருந்த மிளகு. பெயருக்கேற்ற காரம், பக்கத்தில் போனால் கடிக்கும். வயிற்றில் துரையை வைத்துக்கொண்டே வேலியைத் தாண்டிப்போய் அந்தப் பக்கத்துப் புல்லை மேய்ந்துவிட்டு, ஒன்றுமே தெரியாதது போல மறுபடி தாண்டி உள்ளே வந்து நின்றதாம். மிளகின் அம்மாவும் அதே ரகம்.

"விளம்பரத்துல பாத்தீங்கன்னா அப்பன் படத்தைப் பெருசா போட்டிருப்பாங்க. உயரமும் பின்னங்கால் பலமும் அப்பன் குடுத்ததுதான், இல்லேங்கல. ஆனா இந்த எம்பற கொழுப்பு இருக்கே, அது முழுக்க அம்மா வீட்டுச் சீதனம்." இதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னல் வழியாக நேராக என் முகத்தைப் பார்ப்பார்.

ஆனால் துரை தடை தாண்டுவதை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. அதற்குக் காரணம் இருக்கிறது. பந்தயத்துக்கும் போகிற, பொலிக்கும் விடுகிற குதிரைக்கு, இப்போது எந்த வேலைக்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். குழம்பினால் எங்கே என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால் துரைக்கு எல்லாமே இரண்டு. சவாரி என்றால் முன்வாசல், வாயில் கடிவாளம், சவாரிக்காரப் பெண். அந்த வேலை என்றால் பின்வாசல், பித்தளைச் சங்கிலி போட்ட தோல்பட்டை, இவர். அதோடு நாக்கைச் சுழற்றி "டுர்ர்ர்ர்... வா ராசா" என்று இவர் கொடுக்கும் ஒரு சத்தம். அது காதில் விழுந்தால் போதும், துரை முழு மாப்பிள்ளை ஆகிவிடுவான். ஆகவே பயிற்சி மைதானத்துப் பக்கம்கூட இவர் தலைகாட்டக் கூடாது. போட்டிக்கு நாங்களெல்லாம் வேன் ஏறிப் போவோம், இவர் கொட்டடியைக் கழுவிக்கொண்டிருப்பார். நான் செல்போனில் பிடித்துக்கொண்டு வரும் படத்தை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்ப்பார்.

அந்த வருஷம் துரைக்குச் சேட்டை கூடிப்போனது. போட்டி மைதானத்தில் பெண்குதிரை வாடை பட்டால் போதும், கனைத்து ஊரைக் கூட்டினான். சவாரிக்காரப் பெண் அழுதாள். முதலாளியம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். "இன்னொரு தடவை நடுமைதானத்துல மானத்தை வாங்கினான்னா காயடிச்சுடலாம். அப்புறமாவது ஒழுங்கா தாண்டுவான்."

துரையின் வித்து உறையவைக்கத் தாங்காது. நானும் எல்லா விதமாகவும் செய்து பார்த்துவிட்டேன், எடுத்து இளக்கினால் முக்கால்வாசி செத்துக் கிடக்கும். இவனைக் காயடித்தால் மிளகு வம்சத்தில் இனி இவன் குட்டி என்று ஒன்று பிறக்காது. முதலாளியம்மாவிடம் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவரிடம் சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடி வைத்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி வந்து சேர்ந்தார். தோழனுக்கு ஒரே பையன். குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை, இஸ்திரி கலையாத சட்டை. கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெண் பார்த்தபோதே, "அப்பா குதிரைப் பயிற்சியாளர், துரையைப் பழக்கினதே அவர்தான்" என்று பையன் அடித்து விட்டிருக்கிறான். பெண்ணின் அப்பா மரச்சாமான் கடை வைத்திருப்பவர், தாராளமான மனுஷன். சம்பந்தி பழக்கிய குதிரை போட்டிக்கு வருகிறது என்றதும் விடுவாரா? குடும்பத்தோடு எல்லோருமாகப் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்.

தோழன் ஜன்னலுக்கு வந்தார். கையில் குழாய் இல்லை.

"என்ன பண்றதுன்னு தெரியலம்மா. நான் அங்க போகக்கூடாது. வரலேன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா பையன் சொன்னது பொய்யாயிடும்."

"வயித்து வலின்னு சொல்லிட்டுப் படுத்துக்கங்க."

"அப்படித்தான் சொன்னேன். பையன் கோவிச்சுக்கிட்டான். நீங்க வரலேன்னா அவங்களுக்குச் சந்தேகம் வரும்ங்கறான்." கொஞ்ச நேரம் ஜன்னல் கட்டையைச் சுரண்டிக்கொண்டு நின்றார். "கடைசி வரிசையில வாயைத் தொறக்காம உக்காந்துக்கட்டுமா?"

பையனுக்காக மட்டும் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அந்த ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. போங்க என்றும் சொல்லவில்லை, போகாதீங்க என்றும் சொல்லவில்லை நான்.

கடைசி வரிசை என்று இவர் கணக்குப் போட்டால் சம்பந்தி சும்மா இருப்பாரா? "சம்பந்தியைப் பின்னாடி உக்கார வெச்சா எம்பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, வேலிக் கம்பியை ஒட்டின முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டார். நான் எதிர்ப்பக்கம் பண்ணை ஆட்களோடு இருந்தேன். தோழன் தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு, துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

துரை வந்தான். முதல் தடை, அகலத் தடை, சுவர் எல்லாம் அலட்டிக்கொள்ளாமல் தாண்டினான். தொப்பி மெல்ல மேலே ஏறியது. துண்டு மடிக்கு இறங்கியது. அடுத்தது மும்மடித் தடை, மூன்று தடைகள் அடுத்தடுத்து. நடுத்தடையில் பின்கால் குளம்பு கட்டையில் பட்டுவிட்டது. கட்டை உருண்டது, விழப் பார்த்தது, விழாமல் நின்றது. கடைசியையும் தாண்டித் துரை தரையில் இறங்கினான். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் கேட்டது.

"டுர்ர்ர்ர்... வா ராசா!"

துரை நாலு காலையும் ஊன்றி நின்றான். சவாரிக்காரப் பெண் அவன் கழுத்தில் போய் மோதினாள். அவன் காது இரண்டும் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. ஒரு கனைப்பு கனைத்தான் பாருங்கள், எனக்கு உடம்பே கூசியது. அப்புறம் பட்டப்பகலில், அத்தனை குடும்பங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பின்வாசலில் எந்தக் கோலத்தில் நிற்பானோ அந்தக் கோலத்தில் நின்றான். பெண்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை, "அது என்னம்மா?" என்று சத்தமாகக் கேட்டது. செல்போன்கள் உயர்ந்தன. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் இருமினார். மணி அடித்து வெளியே அனுப்பினார்கள்.

தோழன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

மைதானத்துக்குப் பின்னால் குதிரைகளைக் கட்டுகிற இடத்துக்கு நான் ஓடினேன். சவாரிக்காரப் பெண் தலைக்கவசத்தை வீசியெறிந்துவிட்டு நின்றாள். முதலாளியம்மா கால்நடை மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "போதும் டாக்டர். இந்த வாரத்துலயே முடிச்சுடுங்க."

அப்போதுதான் சம்பந்தி தன் படையோடு வந்து சேர்ந்தார். பின்னால் தோழன், மருமகள், பையன். "பரவால்ல சம்பந்தி, என்னதான் பழக்கினாலும் ஒரு நாள் இப்படித்தான் ஆயிடும்" என்று சம்பந்தி தோழனின் தோளைத் தட்டினார்.

"பழக்கினாரா?" என்றார் முதலாளியம்மா.

பையன் சட்டென்று அப்பாவின் முழங்கையைப் பிடித்தான். "கிளம்பலாம்ப்பா. வெயில் ஏறுது."

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் தோழன் பையனின் கையை விலக்கிவிட்டார்.

"அம்மா, துரை மேல தப்பில்ல. நான் கூப்பிட்டேன்."

"என்னன்னு கூப்பிட்டீங்க?"

"பின்வாசல்ல கூப்பிடற மாதிரி."

முதலாளியம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் வெடித்தார். "உங்களை யாரு இங்க வரச்சொன்னது? அறிவிருக்கா உங்களுக்கு?"

"அவன் தாண்டி நான் நேர்ல பாத்ததில்லம்மா" என்றார். "பாத்துட்டேன். வாயில தன்னால வந்துடுச்சு. அவனைக் காயடிக்காதீங்க. கூப்பிட்டா வர்றான், அவன் என்ன பண்ணுவான்?"

"பின்வாசல்னா என்ன சம்பந்தி?" என்றார் மரச்சாமான் கடைக்காரர், விவரம் புரியாமல்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றான் பையன்.

தோழன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பயிற்சியாளர் இல்லீங்க. இவனை ஏறவிட்டு வித்து எடுக்கற ஆளு. அதுக்குக் கூப்பிடற சத்தம் அது."

சம்பந்தியம்மா கைப்பையின் வாரைச் சரிசெய்தார். மருமகள் மாமனாரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். அப்புறம் சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, மனுஷனுக்கு நிஜமாகவே சந்தோஷம். "அடடே, இதையா மூடி மூடி வெச்சீங்க? அப்ப இத்தனை குட்டிக்கும் நீங்கதான் கல்யாணத் தரகரா?" என்று ஆரம்பித்து, எப்படிப் பிடிப்பீர்கள், உதைக்காதா, நாளுக்கு எத்தனை தடவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். காது இரண்டும் சிவந்துகிடந்தன. காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், அந்த அன்புதான் மனுஷனைத் தரையோடு தரையாக்கியது.

முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மருத்துவரிடம், "விட்டுடுங்க. இப்போதைக்கு வேண்டாம்" என்றார். இவரிடம், "இனிமே போட்டி நடக்கற இடத்துல உங்க மூச்சுக்காத்துகூடப் படக்கூடாது" என்றார். கைகூப்பினார் தோழன்.

எனக்குத்தான் ஆறவில்லை. கார் நிற்கும் இடத்தில் பையனைப் பிடித்தேன். அப்பா எங்களோடு வேனில் வருவதாகச் சொல்லி அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் போய்விட்டிருந்தார்கள்.

"ஏன் தம்பி, அந்த மனுஷன் சிரிச்சுட்டுப் போறார். வெளி ஆளுக்கு இல்லாத கூச்சம் பெத்த புள்ளைக்கு எங்கிருந்து வந்துது? அப்பனைப் பத்தி வாய் கூசாம பொய் சொல்ல எங்க கத்துக்கிட்ட?"

நல்ல சூடாகக் கேட்டுவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தான்.

"ஒண்ணாம் வகுப்புல அப்பா என்ன வேலைன்னு டீச்சர் கேட்டாங்க. உங்களைக் கேட்டேன். டிரைவர்னு சொல்லச் சொன்னீங்க. நானும் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் பண்ணைக்கு வந்து கதவிடுக்கு வழியா பாத்தேன். நீங்க அவ்ளோ பெரிய குதிரையைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க. மறுநாள் கிளாஸ்ல எழுந்து நின்னு எல்லாருக்கும் சொன்னேன், எங்கப்பா குதிரைக்காரர்னு. வீட்டுக்கு வந்து உங்ககிட்டயும் சந்தோஷமா சொன்னேன்." அப்பா பக்கம் ஒரு எட்டு வைத்தான். "அன்னிக்கு என்னப்பா பண்ணீங்க?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தோழன் நிமிரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"அடிச்சேன்" என்றார்.