காதர் விட்ட குறட்டை

எண்பதுகளில் தாராவியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தேன். வேலையும் படுக்கையும் ஒரே பட்டறையில். ஓயாத மெஷின் இரைச்சலில் எனக்கும் என்னோடு வேலை பார்த்த காதருக்கும் தூக்கமே போய்விட்டது.

அக்குபங்சர் ஊசியால் தூக்கம் வரும் என்று நிரூபிக்க, மாட்டுங்கா டாக்டர் ஒருவர் ஆள் தேடினார். போனோம். எனக்குத் தினமும் ஊசி குத்தி, ஏசி அறையில் மெத்தையில் படுக்க வைத்தார். காதர் ஊசியில்லாத கோஷ்டியாம். அவனைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பினார். இதற்குப் பெயர் ஒப்பீடு!

ஒரு மதியம் என்னைக் கூட்டிப்போக வந்த காதர், காலி மெத்தையில் சாய்ந்தான். உடனே குறட்டை. அந்த நேரம் பார்த்து டாக்டர் விருந்தாளிகளோடு நுழைந்தார்.

"பாருங்கோ, ஊசியோட மகிமையை!"

"சார், அவனுக்கு ஊசியே போடலியே" என்றேன்.

டாக்டரின் முகம் சுண்டிப்போனது. "அப்போ எழுப்பி வெளியில கூட்டிண்டு போ. ரிசல்ட் கெட்டுடும்."

எழுப்பினேன். "ஏம்ல எழுப்புத? இன்னைக்குத்தாம்ல கண்ணசந்தேன்" என்றான் காதர்.

அந்த மேதையின் ஆராய்ச்சி அமோக வெற்றி என்று பிறகு கேள்விப்பட்டேன். இருக்காதா பின்னே? இன்றும் யாராவது ஊசியால் தூக்கம் வந்தது என்றால், ஊசியைப் பற்றி நான் கேட்பதில்லை. எங்கே படுத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.