ரிக் வண்டி முயலைத் துவைத்த கதை

மூன்று வருடம் இருக்கும். திருச்செங்கோட்டில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது. என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். மழைக்காலத்தில் மட்டும் ஊரில் இருப்பார். மற்ற மாதமெல்லாம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று எங்கேயாவது பாறையைக் குடைந்துகொண்டிருப்பார்.

அந்த முறை அவர் கிளம்பும்போது, ஒன்றாம் வகுப்புப் படித்த எங்கள் மகள் தன் பஞ்சு முயலைத் தூக்கி அவர் பையில் திணித்துவிட்டாள். அப்பாவுக்குத் துணையாம். தினமும் முயலைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு கண்டிஷன் வேறு.

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. ஜிலேபிக்கு முன்னால் முயல், எருமை மேல் முயல், ஹெல்மெட்டுக்குள் முயல் என்று போட்டோ வந்துகொண்டே இருந்தது. என் கணவர் என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தெரியும், அவ்வளவுதான். தெருவில் பார்ப்பவர்கள்கூட, "முயலு எப்படி இருக்குதுங்க?" என்றுதான் கேட்டார்கள். கட்டியவரைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

இரண்டாவது மாதம் முயலுக்கு யோகம் அடித்தது. மூன்று வண்டிகள் துளை போட்டுப் புழுதியை மட்டுமே பார்த்த ஒரு கிராமத்தில், இவர்கள் வண்டிக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். அன்றைக்கு முயலை வண்டியின் முன்பக்கம் கட்டியிருந்தார்களாம். அதற்குப் பிறகு எந்த ஊரானாலும் தேங்காய் உடைத்து, முயலுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டாமல் மிஷினை ஸ்டார்ட் செய்வதில்லை.

மழை தொடங்கியதும் இருவரும் வந்து சேர்ந்தார்கள். வெள்ளையாகப் போன முயல், டீசலும் பாறைமாவும் அப்பிக் கருப்பட்டி நிறத்தில் வந்திருந்தது. நெற்றியில் ஓர் அங்குலத்துக்குக் குங்குமம். மகளோ அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே சோறு தின்றாள். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும், முயலை வாஷிங் மெஷினில் போட்டு இரண்டு சுற்று விட்டேன். காதில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு அடுப்படிக்குப் போனேன்.

கடைக்குப் போய்வந்த கணவர் கொடியைப் பார்த்தார். போனை எடுத்து யாருக்கோ மெதுவாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் அவரோடு ரிக்கில் போகும் வண்டிக்காரர்கள் மூன்று பேர் வந்து, இழவு வீட்டுக்கு வந்தவர்கள்போல் கொடிக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங்கக்கா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க? அத்தனை மாசத்து ராசியையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டீங்களே!" என்றார் ஒருவர்.

"அழுக்கா இருந்துச்சுங்க, தொவைச்சேன்" என்றேன்.

இன்னொருவர் முயலின் காலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எதற்கும் அடுத்த ட்ரிப்புக்கு முயலை அனுப்பி வைக்கும்படி கெஞ்சிக் கேட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் மகளிடம் சொன்னேன். "அது என்ற முயலு, தர மாட்டேன்" என்று ஒரே அழுகை.

நாலு நாள் போனது. பார்த்தால், அவளே முயலை ஜன்னலில் ரோட்டைப் பார்த்தபடி உட்கார வைத்திருக்கிறாள்.

"ஏன் சாமி, அங்க வெச்சிருக்கறே?"

"அதுக்கு ஊட்டுல ஒரு மாதிரியா இருக்குதும்மா. அப்பா மாதிரியே ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்குது."

வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏனுங்க, ஊட்டுல இருக்கப் புடிக்கலீங்களா?"

"புடிக்காம என்ன? அங்க இருந்தா எப்படா ஊட்டுக்குப் போவோம்னு இருக்குது. இங்க வந்தா ஒரு டம்ளர் எங்கிருக்குதுன்னுகூட உன்னையத்தான் கேக்கோணும். நீங்க ரெண்டு பேரும் நானில்லாமயே பழகிட்டீங்க. விருந்தாளியாட்டம் இருக்குது" என்றார்.

வந்த அன்றே சட்டையை வாசலிலேயே கழற்றச் சொன்னதும், முடிவெட்டிக்கொள்ள விரட்டியதும், அதைத் தொடாதீங்க, இதை அங்கே வைக்காதீங்க என்று மூச்சுக்கு மூச்சு அதட்டியதும் ஞாபகம் வந்தன. முயலுக்குச் செய்ததைத்தான் இவருக்கும் செய்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் மாவாட்டும் பொறுப்பை அவரிடம் விட்டேன். கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும், அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்து அசந்து தூங்கிவிட்டார். மாதக்கணக்கில் ரிக்கின் கம்ப்ரஸர் சத்தத்தில் தூங்கிய மனிதருக்கு, வீட்டின் அமைதிதான் இத்தனை ராத்திரியும் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது! மாவு கூழாகிவிட்டது. அதட்டாமல், அதை அப்படியே பாத்திரத்தில் வழித்து எடுத்தேன்.

வண்டி கிளம்பிய அன்று மகளே முயலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பளபளவென்றிருந்த முயலைப் பார்த்து வண்டிக்காரர்கள் முகம் வாடியது. அவள் ரிக்கில் ஒட்டியிருந்த பாறைமாவைச் சுரண்டி, முயலின் தலையில் அழுத்தித் தேய்த்து, "இப்ப செரியாப் போச்சு" என்றாள்.

போன இடத்தில் முதல் துளையில் புழுதிதான் வந்தது. பழி என் தலையில் விழுந்தது. இரண்டாவதில் தண்ணீர் வந்தபோது புகழ் முழுவதும் முயலுக்குப் போனது.

இப்போதெல்லாம் கணவரும் முயலும் ஊர் திரும்பினால், முதல் நாலு நாளைக்கு முயலையும் துவைப்பதில்லை, அவரையும் அதட்டுவதில்லை. வாசலில் வந்து இறங்கியவர் வீட்டுக்குள் வந்து சேர இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும் என்பதை, ஒரு முயலைத் துவைத்துக் கெடுத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.