பூசாமல் விட்ட ஒரு சாண்

இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பூவாளிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். வரிசையாகச் சங்கிலியில் தொங்கும். காசு ஒன்றை உள்ளே தள்ளினால் கழன்று வரும், திரும்ப மாட்டினால் காசு கைக்கு வரும். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு இதற்குள்ளே புகுந்துதான் குறுக்கு வழி. ‘ஃபிரீட்ஹோஃப்’ என்பார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் பூங்கா என்று நினைத்து, இங்கே பெஞ்சில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றவள் நான். ஒவ்வொரு கல்லறையும் ஒரு சின்னத் தோட்டம். வாரம் தவறாமல் யாராவது வந்து களை பிடுங்கி, தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு சத்தம் இல்லாமல் போகிறார்கள்.

எங்கள் ராஜபாளையத்தில் வருஷத்துக்கு ஒரு நாள்தான், நவம்பரில் கல்லறைத் திருநாள். ஆனால் அன்றைக்குப் பார்க்க வேண்டுமே கூட்டத்தை! முந்தின நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலையும் ஊதுபத்தியும் மெழுகுதிரியுமாகத் தெருவே அங்கே கிடக்கும். அப்பாவின் கல்லறையில் திரி கொளுத்திவிட்டு, சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் போகும்வரை, அம்மா முந்தானையை விரித்துக் காற்றை மறித்துக்கொண்டு நிற்பாள். திரி அணைந்தால் எங்களுக்குத்தான் ஏச்சு விழும்.

இந்தச் சித்திரையில் அம்மாவும் அப்பாவுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள். அடக்கத்தை நான் செல்போனில் பார்த்தேன். எல்லாரும் குழிக்குள் மூன்று பிடி மண் போட்டார்கள். நான் திரையைத் தடவிக்கொண்டிருந்தேன். தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க மாசியில் கொடுத்தது, இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் என்று கையில் கொடுத்திருப்பது ஒரு தற்காலிகத் தாள். அதை வைத்துக்கொண்டு வெளியே போகலாம், திரும்ப உள்ளே விடுவார்களா என்பது அவர்கள் இஷ்டம். எட்டு வருஷ உழைப்பும் அந்தத் தாளில் தொங்குகிறது. கதவு திறந்திருக்கிற ஜெயில் இது. யாரைத் திட்டுவது?

தங்கச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். ஒரே பிடிவாதக்காரி. “யக்கா, நீ வந்து மண்ணு போடாம சிமெண்டு பூச விடமாட்டேன். மூத்தவ மண்ணு விழாம மூடுனா, அம்மா வழியப் பாத்துக்கிட்டே கெடக்கும்” என்று மண்மேடாகவே போட்டு வைத்திருந்தாள். ஐப்பசி மழை பிடித்ததும் போன் வந்தது.

“மேடு பாதி கரைஞ்சிருச்சுக்கா. திருநாளுக்குள்ள கட்டலைன்னா எடத்த அடுத்தவுகளுக்குக் குடுத்துருவாகளாம். கல்லறைக் கமிட்டியில சொல்லிட்டாக. நீ எப்ப வருவ?”

“எங்கிட்டக் கேட்டா? இங்க ஆபீசுல வந்து கேளுட்டி!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அவள் என்ன பாவம் செய்தாள், அவளைப் போய்க் கத்தினேன்.

அந்த வாரமே இல்லத்தில் ஃபிரவ் வெபர், நம்மூர்ப் பேச்சில் வெபர் அம்மா, இறந்துபோனாள். தொண்ணூற்றொரு வயசு. மூன்று வருஷமாக நான் குளிப்பாட்டித் தலை வாரிவிட்ட கிழவி. அடக்கத்துக்குப் பத்துப் பேர் வந்திருந்தோம். குழியோரம் ஒரு சட்டியில் மண், அதில் சின்னக் கரண்டி. ஆளுக்கு ஒரு கரண்டி, குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி போட்டுவிட்டு நகர்ந்தார்கள். என் முறை வந்தது. கரண்டியைக் காணவில்லை என் கண். கையை விட்டு அள்ளினேன். ஒரு பிடி. இரண்டு. மூன்றாவதைப் போடும்போது “யம்மா!” என்று அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது. அப்படியே குழியோரம் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி, நம்மூர் அழுகையாக அழுதேன்.

கிழவியின் மகள் வந்து கட்டிக்கொண்டாள். “எங்கள் அம்மா மேல் உங்களுக்கு இவ்வளவு பாசமா?” என்று கேட்டாள். “யா” என்றேன். வேறென்ன சொல்வது? இது உன் அம்மாவுக்கு இல்லை தாயே என்றா? அந்த மகளோ, இனி நீங்களே கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று அந்தப் பொறுப்பையும் என் கையில் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அம்மாவுக்குப் போட வேண்டிய மண்ண எவளோ ஒருத்தி குழியில போட்டுட்டேன்டி.”

“கிறுக்கச்சி” என்றாள். “அது அந்தக் கிழவிக்குள்ளது. நம்ம அம்மாவுக்குள்ளது அப்பிடியேதான் இருக்கு.”

“இல்ல. இனி எனக்காக வச்சிருக்காத. கட்டிரு” என்றேன். அதுவரை ‘இந்தா வாரேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்த வாய். அவள் அழுதாள். நான் அழவில்லை, எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிட்டேனே.

திருநாளன்று படம் அனுப்பினாள். பளிச்சென்று வெள்ளை, மாலை, திரி. தலைமாட்டில் மட்டும் சதுரமாகச் செம்மண் தெரிந்தது. என்னட்டி இது என்றேன்.

“ஒரு சாண் பூசாம விட்டுருக்கு. தண்ணி எறங்கும்னு கொத்தனாரு ஏசுனாரு. எறங்குனா எறங்கட்டும்னுட்டேன். நீ எப்ப வந்தாலும் அதுல போடு.”

மறுநாள் காசைத் தள்ளி ஒரு பூவாளியை எடுத்தேன். ஃபிரவ் வெபரின் செடிகளுக்கு ஊற்றினேன், பிறத்தியாள் அம்மாவுக்கு, அளவாக, சேறாகாமல். ராஜபாளையத்தில் அன்றைக்கும் நல்ல மழையாம். அந்த ஒரு சாண் வழியாக அம்மா மேல் இறங்கிக்கொண்டிருந்திருக்கும்.