ஒன்றும் தெரியாத ஆள்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், பாகூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், சொர்ணவாரி நெல்லுக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு கோடையில் இது ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிணற்றை நம்ப வேண்டியிருந்தது. சித்திரையிலேயே ஏரிக்குள் மாடு மேய்ந்தது. விடியற்காலையில் ஏற்றத்தைப் பிடித்தால், வெயில் முதுகைத் தீய்க்கிற வரைக்கும் இறைப்பேன். கூழைக் குடித்துவிட்டுச் சற்றுச் சாய்ந்து, வெயில் தாழ்ந்ததும் மறுபடி போவேன். அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் தோள்பட்டை வலிக்கிறது.

நான் அதிகம் படித்தவன் அல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு. தமிழ் எழுதப் படிக்க வரும். பிரெஞ்சை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அர்த்தம் தெரியாது. சுபாவத்திலும் கூச்சக்காரன். நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் பின்னால் நின்று, எல்லாரும் தலையாட்டும்போது நானும் ஆட்டிவிட்டு வருகிறவன்.

எனக்குப் பிள்ளை இல்லை. அக்கா இறந்தபிறகு அவள் மகனை நாங்கள்தான் வளர்த்தோம். அவன் அப்பா, என் மச்சான், சைகோனில் ஒரு துணிக்கடையில் இருந்தார். பையன் புதுச்சேரியில் தங்கிப் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தான். அந்தக் கோடை முடிவில் அவனுக்குப் பிரெவே என்ற பிரெஞ்சுப் பரீட்சை. அதில் தேறினால் எங்காவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைக்கும். அவனுக்கு அதுதான் ஆசை. தேறாவிட்டால் கப்பலேற்றி அனுப்பிவிட வேண்டும் என்று, சைகோனிலிருந்து வந்த ஒருவரிடம் மச்சான் சொல்லி அனுப்பியிருந்தார். கடையில் துணி கிழித்துப் போட ஆள் வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை.

பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டார்கள். பையன் புத்தகங்களோடு வந்து சேர்ந்தான். நாள் முழுக்கப் படித்தான். ஆனால் காலையில் படித்தது சாயங்காலம் நிற்கவில்லை. "மண்டையில ஏற மாட்டேங்குது மாமா" என்று கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்துகொள்வான். அப்போது எனக்கும் ஒரு கஷ்டம். ஏற்றமரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்கத் தினமும் ஆள் கிடைக்கவில்லை.

யோசனை என்னுடையதுதான். எங்கள் பக்கத்தில் ஏற்றம் இறைக்கிறவர்கள் எண்ணிக்கையைப் பாட்டாகப் பாடித்தான் இறைப்பார்கள். தண்ணீர் மொள்ளுகிற சால் மேலே வரும்போது பாட்டில் ஓர் அடி, கீழே இறங்கும்போது ஓர் அடி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஒரு எண்ணும் தவறாமல் பாடுவார். நானே, யாரும் முகம் பார்க்காத அந்த இடத்தில் மட்டும் வாய்விட்டுப் பாடுவேன். பாடத்தையும் அப்படிப் பாடினால் என்ன என்று கேட்டேன். பையன் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவன் மேலே மிதித்தான், நான் கீழே நின்று சாலைப் பிடித்துக் கவிழ்த்தேன். பிரான்சு தேசத்து ஆறுகள், அவை புறப்படுகிற மலைகள், கரையில் உள்ள பட்டணங்கள், ராஜாக்கள், சண்டைகள் எல்லாம் ஏற்றப் பாட்டில் வந்தன. அவன் முதல் அடியைப் பாடுவான். நான் அர்த்தம் தெரியாமலே அடுத்த அடியைப் பிடிப்பேன். அடுத்த கழனிக்காரர் வரப்பில் நின்று சிரிப்பார்.

"இன்னா மாமா, தொரைங்க ஆத்துத் தண்ணி மொத்தத்தையும் உன் கழனிக்கே இறச்சிக்கிறியா? எனக்கும் ஒரு ஆத்த வுடேன்!"

தண்ணீரும் பாய்ந்தது, பாடமும் ஏறியது. பரீட்சைக்கு முன்னால் பையன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முழுவதையும் தடங்கலில்லாமல் பாடினான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அலுத்துப்போன உடம்புக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டியில் போனோம். வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிட்டது. சுங்கத்து ஆட்கள் சோற்று மூட்டையைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். பையன் அப்போதும் வாய்க்குள் ஆறுகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

எழுதுகிற பரீட்சையில் தட்டுத் தடுமாறி மேலே வந்துவிட்டான். பிறகு வாயால் பதில் சொல்கிற பரீட்சை. நான் வெளியே ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவன் சீக்கிரமே வந்துவிட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான். என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற ஆள் ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு வந்தார்.

"உன் பையனா தம்பி?"

"அக்கா பையன்."

"நான் கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். ஆத்தப் பத்திக் கேட்டா கண்ண மூடிக்கினு காலத் தட்றான்பா. தொரை நிறுத்திட்டு நடுவுல ஒரு ஆத்தக் கேட்டாரு. இவன் திருப்பி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறான். மறுபடி நிறுத்துனாரு. மறுபடியும் மொதல்லேர்ந்து. அது இன்னா மந்திரம்?"

"ஏத்தப் பாட்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "தொரைக்கு ஏத்தம் மிதிக்கத் தெரியுமா தம்பி?" என்றார். பையனும் நானும் தலையைக் குனிந்துகொண்டோம். அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கோச்சிக்காத. இந்த வாசல்ல நின்னு எத்தினியோ புள்ளைங்களப் பாத்துட்டேன். பொஸ்தகத்த மூடிட்டுப் பக்கத்துல இருக்கிறவனுக்கு வெளக்கிச் சொல்றான் பாரு, அவன் தேறிடறான். அதே பக்கத்த ஓட்டிக்கினே இருக்கிறவன் உள்ள போனதும் முழிக்கிறான். மழைக்கு முன்ன ரெண்டாந் தவணை வெப்பாங்க. வூட்ல ஒண்ணுந் தெரியாத ஆளு யாராச்சும் இருந்தா, அவங்களுக்குப் புரியற வரைக்கும் இவன சொல்லச் சொல்லு. மொதல்லேர்ந்து வாணாம். அவங்க எங்க கேக்கறாங்களோ அங்கேர்ந்து."

பிறகு, "ஒண்ணுந் தெரியாத ஆளு கெடைப்பாங்களா?" என்று கேட்டார்.

பையன் அன்றைக்கு முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி அழுதாள். அழுது முடித்து, அடுப்பில் உலையை வைத்தாள். "ஒண்ணுந் தெரியாத ஆளுக்கு இந்த வூட்ல இன்னா பஞ்சம்? ரெண்டு பேரு இருக்கிறோம். சொல்லுடா" என்றாள்.

அவளுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் வெட்கமும் கிடையாது. புளி கரைக்கும்போது, மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது, நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் கேட்பாள். "ஏண்டா, நேத்து ஒரு ராசாவைத் தலைய வெட்னாங்கன்னியே, எதுக்குடா வெட்னாங்க? அவன் பொண்டாட்டி சும்மாவா இருந்தா?" பையன் வெட்டிய வருஷத்தைச் சொல்வான். "வருசத்த யாருடா கேட்டா? எதுக்குன்னு சொல்லு" என்பாள். அவன் விழிப்பான். கோடை முழுக்கப் பாடியிருக்கிறான், எதற்கு என்று தெரியவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். படித்துவிட்டு வந்து தமிழில் கதையாகச் சொல்வான். அவள் தலையசைத்தபிறகு அதையே பிரெஞ்சில் ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

என்னிடம்தான் அவனுக்குச் சிரமம். நாற்றங்காலுக்கு இறைத்துவிட்டு வந்து உட்காருவேன். அவன் சொல்வான், நான் தலையாட்டுவேன். ஒருநாள் சட்டென்று நிறுத்தினான்.

"மாமா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அப்ப நீங்க சொல்லுங்க."

அவன் சின்னப் பிள்ளை, நான் தூக்கி வளர்த்தவன். அவன் எதிரில்கூடப் புரியவில்லை என்ற வார்த்தை வரவில்லை. நிலத்துக்காரர் சொல்லும்போது, கச்சேரியில் குமாஸ்தா வாசிக்கும்போது, வைத்தியர் மருந்து சொல்லும்போது, இப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "அவரு கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படித்தான்டா தலையாட்டுனாரு" என்றாள்.

"புரியலடா" என்றேன்.

சொன்னபிறகு ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. பையன் கோபப்படவும் இல்லை. "எந்த எடத்துல மாமா?" என்று கேட்டான். எந்த இடத்தில் என்று யோசித்தபோதுதான், அதுவரைக்கும் நான் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்பது தெரிந்தது.

அதற்குப் பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது தண்ணீர்தான், அதனால் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். அந்த ஆற்றுக்குக் கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழை எந்த மாசம்? அவன் மலை மேல் பனி உருகுவதைச் சொன்னான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் கிணற்று மேட்டுச் சேற்றில் குச்சியால் அந்த தேசத்தைக் கீறினான். மலையிருக்கிற இடத்தில் மண்ணைக் குவித்தான். ஆறுகளைப் பள்ளமாக இழுத்தான். நான் ஒரு சாலைக் கவிழ்த்தபோது சிந்திய தண்ணீர் அந்தக் குவியலில் பட்டு, அவன் இழுத்த வழியே ஓடியது. ஒரு கோடு ஓரத்தில் உள்ள கடலுக்குப் போகாமல் தேங்கிவிட்டது. "தப்பாக் கீறிட்டேன் மாமா" என்று அவனே திருத்தினான். லுவார் என்ற ஆறு எங்கே திரும்புகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

ஆனால் உடம்பு அசதி. பல நாள் அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடும். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. அவன் அதையும் ஒரு கணக்காக வைத்துக்கொண்டான். "மாமா தூங்கிட்டா நான் சொன்னது சரியில்ல" என்பான். எழுப்ப மாட்டான். மறுநாள் அதே பாடத்தை வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பான். நான் விழித்திருந்தால் அடுத்த பாடம்.

மழை இறங்குவதற்கு முன்னால் இரண்டாம் தவணை வந்தது. மறுபடி வண்டி, மறுபடி சுங்கம், மறுபடி பூவரச மரத்தடி. மணி அடிக்கிறவருக்கென்று என் மனைவி புது அவலில் ஒரு முடிச்சுக் கட்டிக் கொடுத்திருந்தாள். வாசலில் வேறு ஆள் நின்றார். பழைய ஆள் எங்கே என்று கேட்கலாம் என்று எழுந்தேன். அந்தப் புது ஆளைச் சுற்றி நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பையன் வெகுநேரம் கழித்து வந்தான். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"நடுவுலேர்ந்துதான் கேட்டாங்க மாமா. சொன்னேன். ஒரு கேள்விக்கு மட்டும் தெரியாதுன்னுட்டேன்."

"தெரியாதுன்னா சொன்ன?"

"ஆமா. தொரை பரவால்லன்னு அடுத்ததக் கேட்டாரு." கொஞ்சம் தயங்கி, "சொல்லிக்கினே அவரு கண்ணையே பாத்துக்கினு இருந்தேன். அவரு தூங்கல" என்றான்.

சாயங்காலம் தேறியவர்கள் பெயரைப் படித்தார்கள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் பெயர் வந்தது. திரும்பி வரும்போது அவன்தான் வண்டி ஓட்டினான். சந்தோஷமாக ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் வைக்கோல் மேல் தூங்கிவிட்டேன். வீட்டு வாசலில் மனைவி சத்தம் போட்டு எழுப்பினாள். அவலை நாங்களே தின்றோம்.

இப்போது அவன் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். ஏற்றம் மிதிக்கக் கூலி ஆள் வைத்திருக்கிறேன். பழைய எண்ணிக்கைப் பாட்டுத்தான் பாடுகிறோம். வேலை குறையவில்லை, உடம்புதான் குறைகிறது.

போன மாசம் எங்கள் ஊர் நிர்வாகத்தைப் பார்க்கிற கொம்யூன் கச்சேரியில் நிலத்து விஷயமாக ஒரு காகிதத்தைக் குமாஸ்தா வேகமாக வாசித்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். பின்னால் வரிசை நின்றது. "புரியலீங்க, இன்னொரு தபா சொல்லுங்க" என்றேன். அவர் முகம் சுளித்தார். ஆனால் சொன்னார்.

செம்பில் தண்ணீர் கொடுத்த அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது, அதைக் கேட்கவும் அன்றைக்கு வாய் வரவில்லை. ஆனால் புரியவில்லை என்று நான் சொல்கிற ஒவ்வொரு தடவையும், ஒன்றும் தெரியாத ஆளாலும் ஒரு பிள்ளைக்கு உதவ முடியும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.