பேரின்பநாயகம் சோசலிசம் பேசிய ஞாயிறு

தன்னைப் பற்றி யாராவது எழுதினால் பேரின்பநாயகம் சந்தோஷப்படுவார். இதைப் படித்தால் சந்தோஷப்படுவாரா என்பது சந்தேகம்தான். எனக்கு அந்தக் கவலை இல்லை.

அவருடைய தாத்தா மலாயா ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறியவர். அப்பா அரசாங்கக் குமாஸ்தா. இவர் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே வேலையை வெவ்வேறு ஆங்கிலப் பதவிப் பெயர்களில் பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எனக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக். எங்கள் பேட்டையில் ஓய்வு பெற்ற ஆண்கள் தாய்ச்சி உடற்பயிற்சி செய்வார்கள், அல்லது காப்பிக் கடையில் உட்கார்ந்து உலகத்தைத் திட்டுவார்கள். இவர் நூலகத்துக்குப் போனார். அங்கே அரசியல் சித்தாந்தங்கள் இருக்கும் அலமாரியில் மாட்டிக்கொண்டவர் இன்னும் வெளியே வரவில்லை.

எங்கள் வாசகர் வட்டம் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை கூடும். நான் பொருளாளர். அதாவது வடை வாங்குவது, புரொஜெக்டர் தூக்குவது எல்லாம் நான். அங்கேதான் அவர் ‘சமகால அரசியல் சித்தாந்தங்கள்: ஓர் அறிமுகம்’ என்று ஒரு தொடரை ஆரம்பித்தார். முதல் நாளே ஒரு விதியும் போட்டார். உள்ளூர் அரசியல் கூடாது. உதாரணம் வேண்டுமென்றால் நார்வே இருக்கிறது, சிலி இருக்கிறது, ரொம்ப வற்புறுத்தினால் பிரெஞ்சுப் புரட்சி. எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினோம்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் நன்றாகவே விளக்குவார். தாராளவாதத்துக்கு அடிப்படை தனிமனிதன்; ஒருவனை யாரும் தடுக்காமல் இருப்பது ஒரு வகைச் சுதந்திரம், அவன் விரும்பியதைச் செய்யும் வசதியும் தெம்பும் அவனுக்கு இருப்பது இன்னொரு வகை. பழைமைவாதி மாற்றத்துக்கு எதிரியல்ல, அவசரத்துக்குத்தான் எதிரி. குடும்பம், வழக்கம், மூத்தோர் சேர்த்து வைத்த அனுபவம் இவற்றைப் புத்தகத்தில் போட்ட திட்டத்தைவிட அதிகமாக நம்புபவன். தேசியவாதம் முகம் தெரியாத லட்சம் பேரை ஒரே வீட்டுக்காரர்களாக நினைக்க வைக்கும். இப்படி எனக்கே புரியும்படி சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், எந்த மாதம் எதைப் பேசுகிறாரோ அந்த மாதம் அதுவாகவே ஆகிவிடுவார். பழைமைவாத மாதத்தில் வீட்டுப் பணிப்பெண் சகாயமேரியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “மேரி எங்க ஃபேமிலில ஒரு ஆள் மாதிரி” என்றார். தேசியவாத மாதத்தில் வெளியூர் ஆட்கள் கூடிவிட்டதைப் பற்றிக் கவலைப்பட்டார். பெண்ணிய மாதத்தில், வீட்டுக்குள் நடக்கும் உழைப்பை எந்த நாடும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று தழுதழுத்தார். அன்று அவர் போட்டிருந்த சட்டையை மொடமொடவென்று தேய்த்துக் கொடுத்தது மேரிதான்.

மேரி தேவகோட்டைப் பக்கம். நாற்பது வயதைத் தாண்டியவர். பேரின்பநாயகத்தின் தகப்பனாருக்குத் தொண்ணூறுக்கு மேல், சக்கர நாற்காலிதான். மனைவி இராசேஸ்வரி மகளின் பிரசவத்துக்கு மெல்பர்ன் போய்விட்டார். அதனால் கிழவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் மேரி. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மேரிக்கு ஓய்வு. அன்று மட்டும் மகன் தகப்பனைப் பார்த்துக்கொள்வார்.

சோசலிசத்துக்கு முறை வந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தொழிலாளி இல்லாத அறையில் சோசலிசம் பேசுவது வெட்கக்கேடு. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை முழுக்கத் தொழிலாளர்கள். ஆகவே இந்த ஒரு கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டும். அருமையான யோசனை என்று எல்லோரும் கைதட்டினார்கள். அன்று அவர் வீட்டில் கிழவரோடு யார் இருப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேரிக்கு அந்த ஞாயிறு ஏன் முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேரியின் அண்ணன் இருதயராஜ் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். மார்ச் மாதத்தில் அவருடைய இடது கை இயந்திரத்தில் சிக்கிவிட்டது. வைத்தியம் பார்த்தார்கள், பிறகு கம்பெனி அவருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை ஊருக்கு விமானம். போனில் கேட்கும்போதெல்லாம் கை சரியாகிவிட்டது என்பாராம். ஆனால் வீடியோவில் ஒரு தடவைகூட அந்தக் கையைக் காட்டவில்லை. ஊரில் அவருக்கு இரண்டு பிள்ளைகள், செய்யத் தெரிந்ததெல்லாம் கைவேலை. அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணனோடு புல்தரையில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று மேரி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பேரின்பநாயகம் மேரியிடம் கேட்ட விதத்தில் குற்றம் சொல்ல முடியாது. தாராளவாதியாகவே கேட்டார்.

“மேரி, வர்ற சண்டே எனக்கு ஒரு முக்கியமான ப்ரோக்ராம். நீங்க உங்க ஓஃப் டேய அடுத்த சண்டேக்கு மாத்திக்க முடியுமா? நான் ஃபோர்ஸ் பண்ணல, உங்க சாய்ஸ்தான்.”

“சரி சார்.”

அவ்வளவுதான். கட்டாயப்படுத்தாமல் பேசித் தீர்ப்பது எவ்வளவு சுலபம் என்று என்னிடம் வந்து பெருமைப்பட்டார். மேரியின் பெர்மிட் சீக்கிரம் முடிகிறது, அதைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் இந்த சார்தான் என்பது அவர் நினைவிலேயே இல்லை. அண்ணனை வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா என்று மேரியும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் வழக்கம் இங்கே எந்த வீட்டிலும் இல்லை.

ஞாயிறன்று ஐம்பது பேருக்கு வடை வாங்கினோம். தெருவில் நிற்க இடமில்லை. எல்லாத் திடலிலும் ஆட்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் விநியோகித்த துண்டுப் பிரசுரத்தைப் பணிவாக வாங்கி, புல்லில் விரித்து, மேலே உட்கார்ந்தார்கள். வாரம் முழுக்க வேலை பார்த்த மனிதன் உழைப்பைப் பற்றிய சொற்பொழிவுக்கு மாடி ஏறி வருவான் என்று எங்களுக்கு எப்படித் தோன்றியதோ! வழக்கமாக வரும் பதினோரு பேர் வழக்கமான நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

பேச்சு தொடங்கப் போகும் நேரத்தில் ஒருவர் பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். ஒடிசலான ஆள், தேய்த்த சட்டை. பேரின்பநாயகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சாமி நேரில் வந்ததுபோல. அவரே ஓடிப்போய்க் கையைப் பிடித்து முன் வரிசையில் உட்கார வைத்தார். வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேள்வி நேரம் கடைசியில் என்று பேரின்பநாயகம் அடக்கிவிட்டார்.

பிறகு முழுப் பேச்சும் அந்த ஒருவருக்குத்தான். தொழிலாளி உண்டாக்கும் மதிப்புக்கும் அவன் கைக்கு வரும் கூலிக்கும் உள்ள இடைவெளியை வடையை வைத்தே விளக்கினார். தான் செய்த பொருளே தனக்கு அந்நியமாகிப் போவதைச் சொன்னார். புரட்சி வழி ஒன்று, தேர்தல் வழி ஒன்று என்று சோசலிஸ்டுகள் பிரிந்த கதையைச் சொன்னார். உழைப்பவனிடமிருந்து முதலில் பறிபோவது அவனுடைய நேரம், வார ஓய்வு என்பது யாரும் பிச்சை போட்டதல்ல, போராடி வாங்கியது என்றபோது மேசையைத் தட்டினார். முன் வரிசைக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

கேள்வி நேரம் வந்தது. உங்களைப் போன்ற தொழிலாளிக்கு இன்றைக்கு எது மிக அவசியம் என்று பேரின்பநாயகம் அவரையே கேட்டார். அவர் எழுந்து நிற்பதற்குள், வர்க்க உணர்வு என்று தானே பதிலும் சொல்லிவிட்டார்.

அடுத்தது படம். எல்லோரும் முஷ்டியை உயர்த்த வேண்டும் என்றார். இதை வெளியே போட்டால் பிரச்சினை வராதா என்று எங்கள் வட்டத்து சுரேந்தர் பயந்தார். “இன்ட்ரொடக்ஷன் தானே லா” என்றார் பேரின்பநாயகம். சோசலிசம் என்பதால் இடது கைதான் பொருத்தம் என்று வேறு சேர்த்துக்கொண்டார். விருந்தாளியை நடுவில் நிறுத்தினோம். அவர் தயங்கித் தயங்கி இடது கையைத் தூக்கினார்.

“மடக்குங்க தம்பி, நல்லா மடக்குங்க.”

“வரல சார்.”

கூச்சப்படுகிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம். நான்தான் படத்தை எடுத்தேன்.

அதன் பிறகுதான் அவருக்குப் பேச இடம் கிடைத்தது. “சார், நான் மேரியோட அண்ணன். நீங்க இங்க இருப்பீங்கன்னு தங்கச்சி சொன்னுச்சு. நாளைக்குக் காலைல ஃப்ளைட்டு. இத அதுகிட்ட குடுத்துருங்க.” பையில் ஒரு சேலையும், சாருக்கென்று ஒரு பெட்டி மைசூர்பாகும் இருந்தன.

பேரின்பநாயகம் பையை வாங்கிக்கொண்டார். பிறகு, “நான் கேட்டுத்தான்... அவங்கதான் ஓகேன்னாங்க” என்றார்.

“சொன்னுச்சு சார். தன்மையா கேட்டீங்கன்னு சொன்னுச்சு.”

அவரைத் துவாஸுக்கு ஏற்றிப்போகும் லாரி கிளம்ப நேரமாகிவிட்டது. கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். ஒரு மனிதன் இந்த ஊரில் கழிக்கும் கடைசி மாலையை வடையும் டீயும் கொடுத்துத் தின்றுவிட்டோம்.

ரயிலில் பேரின்பநாயகம் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் ரயில் மாறும் புக்கிட் பாஞ்சாங் நெருங்கும்போது, ஏட்டளவில் இருக்கும் சம்மதம் வேறு, மறுக்க முடிகிறவன் தரும் சம்மதம் வேறு என்று மெதுவாக ஆரம்பித்தார். மேரிக்கு அடுத்த ஞாயிறோடு அதற்கு அடுத்த ஞாயிறும் கொடுத்துவிடலாம் என்றார். கொடுங்கள், இருதயராஜ் ஊரிலிருந்து நீந்தி வரட்டும் என்றேன்.

மீதி வடையைக் கொடுக்க நானும் அவர் வீட்டுக்குக் கூடப் போனேன். மேரி கதவைத் திறந்தார். பையைப் பார்த்தார், வாங்கவில்லை.

“எங்கண்ணன் கை எப்படி இருந்துச்சு சார்? வெரலு மடங்குதா?”

இருதயராஜ் வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தவர், முஷ்டியை உயர்த்தச் சொன்னவர், என் பக்கம் திரும்பினார். நானும் அந்த விரல்களைக் கவனிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினேன்.

மேரி அதை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கினார். சுற்றிலும் எங்கள் ஆட்களின் முஷ்டிகள், பென்ஷன் வாங்கும் முஷ்டிகள். நடுவில் ஒரு கை மட்டும் விரிந்தபடி, விரல்கள் குச்சிபோல நீட்டிக்கொண்டு.

“மடங்கல,” என்றார்.

உள்ளே கிழவர் கூப்பிட்டார். மேரி என் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.