என் நாவலுக்கு வேறு முடிவு கேட்டவர்கள்

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எல்லாருடைய குரலும் எனக்குத் தெரியும். என் முகம் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அம்மா போன பிறகு ஆவடி வீட்டில் நான் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் யாராவது "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டு, நான் "நல்லா இருக்கேன்" என்று சொல்வேன். பல வாரங்களில், சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் உட்கார்ந்துதான் நாவல் எழுத ஆரம்பித்தேன். புருஷன் வீட்டில் மூச்சு முட்டிப்போன ஒருத்தி, ஒரு நாள் காலையில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் தெருவில் இறங்கி நடந்துவிடுகிறாள். அதுதான் கதை. எழுதி முடிக்க மூன்று வருடம் ஆனது. இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது, பதிலே போடவில்லை. நாமே போட்டுவிடுவது என்று முடிவு செய்து, பூந்தமல்லியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்துக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோனேன்.

அங்கே அச்சுக் கோத்தவள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள். வேலப்பன்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். ப்ரூஃப் திருத்த நான் வாராவாரம் சனிக்கிழமை போவேன். கடைசி அத்தியாயம் கோத்த அன்று, ஈய எழுத்துகளின் கறை படிந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"யக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அந்தப் பொம்பள அடுப்புல உலய வச்சிட்டுப் போயிடுறா. அத யாரு எறக்கி வச்சாங்க?"

"அது கதைக்குத் தேவையில்ல."

"ஊட்ல கொயந்த கீதேக்கா. தவழ்ற கொயந்தன்னு நீங்கதான் எயுதிக்கீறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஈயத்தைத் தொடுகிறவளுக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று நினைத்தேன். நினைத்ததை இப்போது எழுதவே கூசுகிறது. "இருக்கிறபடி கோத்திடும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் என் முகவரியைப் போட்டு, படித்தவர்கள் எழுதும்படி கேட்டிருந்தேன். அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருந்த வாடகை நூல் நிலையங்களில் பிரதிகள் கொடுத்தேன். மீதிக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. அந்த வருடம் முழுக்க தபால்காரருக்காகக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்கு சைக்கிள் மணி அடித்தால்கூட எழுந்து நிற்பேன். ஒரு கார்டுகூட வரவில்லை. ஆபீசில் யாரிடமும் புத்தகத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அதனால் யாரும் கேட்கவும் இல்லை. பிறகு ஹெட்போனைக் காதில் மாட்டும்போதெல்லாம், இத்தனை பேர் பேசுகிறார்களே, ஒருவர்கூட என்னோடு பேசவில்லையே என்று தோன்ற ஆரம்பித்தது.

இரண்டாவது நாவலுக்காக மறுபடி அந்த அச்சகத்துக்குப் போனபோது அவள் ஓடிவந்தாள்.

"எங்க போய்ட்டீங்க? உங்க கதய எங்க லைன்ல எல்லாரும் கேட்டுட்டாங்கக்கா!"

தூக்கிப் போடும் ப்ரூஃப் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். வரிசை வீட்டுப் பெண்களுக்கு மத்தியான நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் வேலப்பன்சாவடிக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எனக்கு ஒரு மரநாற்காலி போட்டார்கள்.

"அவ திரும்பி வந்தா பாரு, எனக்கு அழுவையே வந்துட்ச்சு" என்றாள் ஒருத்தி.

எனக்குப் புரியவில்லை. என் கதையில் அவள் திரும்பி வருவதே இல்லை.

"தெருமுனை வரிக்கும் போய்ட்டு வந்து, உலய எறக்கி வச்சி, புள்ளைக்கு ஊட்டி, பக்கத்தூட்ல குட்த்துட்டுப் போனாளே" என்றாள் இன்னொருத்தி. "அதுக்கப்புறம் போனது தப்பே இல்ல."

"போயிருக்கவே கூடாது" என்றாள் ஒரு வயதான அம்மா. அதன்பிறகு பெரிய சண்டை. அவளைத் தெரிந்தவள் போல, அடுத்த தெருக்காரி போல, பேசிக்கொண்டார்கள். அச்சுக் கோத்தவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். "அப்டியே படிக்க மனசு வர்லக்கா" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். அது உண்மை. நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அதுதான் வலித்தது. என் புத்தகத்துக்கு வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் அழுதது நான் எழுதாத ஒரு பக்கத்துக்கு. ஒரு கடிதமும் வராத நாட்களைவிட, அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம்தான் நான் மிகவும் தனியாக இருந்தேன்.

வாரக்கணக்கில் கோபம் இருந்தது. பிறகு இரண்டாவது நாவலின் முதல் அத்தியாயத்தை, அச்சுக்கு இல்லை, படிக்க என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன். சில இடங்களில் அவள் சொன்னதைக் கேட்டேன், பல இடங்களில் கேட்கவில்லை. அவளும் விடவில்லை. தொண்ணூறுகளில் அவள் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். முகவரி வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நான்கு நாவல்கள் எழுதிவிட்டேன். எதையும் அச்சுக்கு முன்னால் படித்துச் சண்டை போட ஆள் இல்லை.

புதிதாக எழுத வருகிறவர்கள் எந்தப் பதிப்பகம், எத்தனை பிரதி என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூடவே, உங்கள் கதையில் வருகிறவர்களைப் போல வாழ்கிற ஒருவரிடம் முதலில் படிக்கக் கொடுங்கள் என்றும் சொல்கிறேன். அவர் ஒரு கேள்வி கேட்டால் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள், அடுத்த பஸ் வரும். பெரும்பாலானவர்கள் இதைக் குறித்துக்கொள்வதில்லை. நானும் அந்த வயதில் குறித்துக்கொண்டிருக்க மாட்டேன்.