'அவுக' என்று கூப்பிட்ட பிள்ளை

என் மகள் காந்திமதி பேச ஆரம்பித்த நாளிலிருந்து என் தம்பியைத்தான் 'அப்பா' என்று கூப்பிட்டாள். என்னை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. முத்தாரம்மன் வாசலில் உட்கார்ந்துகொண்டு அதை மறைக்க முடியுமா? இந்த ஞாயிற்றுக்கிழமைப் பஜனையில் எல்லாரும் பக்தியாகத்தான் பேசுகிறீர்கள். நானும் பேசுவேன். ஆனால் பொறாமையை விட்டுவிட்டுச் சொன்னால் என் கதையில் பாதிதான் மிஞ்சும். அந்த எரிச்சலோடு போய் நின்றவனுக்குத்தான் அம்மன் செய்தாள்.

எங்கள் வீடு சிந்துபூந்துறையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு வேலை தூத்துக்குடியில், ஒரு பஞ்சுக் கம்பெனியில் கணக்கு எழுதுவது. செங்கோட்டை வழியாக மலையாளத்துக்கு ரயில் விட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். "ரயில்தான் இருக்கே, எதுக்குக் குடும்பத்தைத் தூக்கிட்டுப் போகணும்?" என்று எல்லாரும் சொன்னார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தூத்துக்குடி உப்புத் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று என் வீட்டுக்காரி பிச்சம்மாளும் சொன்னாள். சரி என்று தினமும் போய் வந்தேன்.

விடிவதற்கு முன்பே ஆற்றுப் பாலத்து ஸ்டேஷனில் வண்டி ஏற வேண்டும். மணியாச்சியில் இறங்கி, மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற வண்டிக்குக் காத்திருந்து மாற வேண்டும். அந்த வண்டி சொன்ன நேரத்துக்கு வந்த நாள் குறைவு. திரும்பும்போதும் அதே பாடு. கரிப்புகை படிந்த சட்டையோடு வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளை தூங்கிவிட்டிருக்கும். அவள் முகத்தை நான் வெளிச்சத்தில் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அன்றைக்கும் என்னைக் கண்டால் அம்மா சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள்.

தம்பி ஆறுமுகம் எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தான். மத்தியானம் வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் பிள்ளைகளோடு ஆறு. அவன் மகன் முத்தையா அவனை 'அப்பா' என்று கூப்பிடுவான். இவளும் அதையே பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன பெயர்? நம் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வார்களா? பிச்சம்மாள் நாள் முழுக்க, "அவுக வார நேரமாச்சு", "அவுக வேட்டியை எங்க போட்டே", "சத்தம் போடாதே, அவுக தூங்குதாக" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பிள்ளை என் பெயரே 'அவுக' என்று நினைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியிலிருந்து வாங்கி வந்த சீனி மிட்டாயை அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே தம்பியிடம் ஓடினாள்.

"அப்பா, அவுக தந்தாக!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. "சின்னப் பிள்ளைதானே அண்ணாச்சி, போகப்போகத் தெரிஞ்சுக்கிடுவா" என்று தம்பி சொன்னான். அவன் ஆறுதல் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. இருக்கிறவன் இல்லாதவனுக்கு ஆறுதல் சொல்வது சுலபம்.

வண்டியில் தாழையூத்தில் சுப்பையா பிள்ளை ஏறுவார். என் கம்பெனியிலேயே வேலை. தன் மகள் சந்து முனைவரைக்கும் ஓடிவந்து தூக்குச்சட்டியை வாங்கிக்கொள்வாள் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்கமாட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பனைமரத்தைப் பார்ப்பேன். அவர்மேலும் பொறாமைதான். ஒருநாள் மணியாச்சி பிளாட்பாரத்தில் நின்றபடியே வேண்டினேன்: "தாயே, அந்தப் பிள்ளை ஒரு தடவை என்னைத் தேட வேண்டும். அவனை விட்டுவிட்டு என்னைத் தேட வேண்டும்." இப்படி ஒரு வேண்டுதலை யாராவது வைப்பார்களா? நான் வைத்தேன்.

அந்த மாசிக் கடைசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு முகமெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. ஊரில் ஏற்கெனவே அங்கங்கே அம்மை இருந்தது. வாசலில் வேப்பிலை செருகினோம். அடுப்படியில் தாளிப்பது நின்றது. தம்பி தன் பெண்டாட்டியையும் முத்தையாவையும் பேட்டையில் அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தான். அவன் மட்டும் போகவில்லை.

நான் உள்ளே காலை வைத்தேன். பிச்சம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க வராதீங்க. ஒங்களுக்கு அம்மை வந்ததே கிடையாது. ஒங்களுக்கும் ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

"அவன் மட்டும் இருக்கானே?"

"எனக்குச் சின்னதுலயே வந்து போயிட்டுல்லா அண்ணாச்சி. இனி வராது" என்று தம்பி உள்ளே இருந்து சொன்னான்.

அவன் முகம் நிறைய அம்மைத் தழும்பு. பெண் பார்க்கப் போன இடத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான்தான் அவனுக்காகச் சண்டை போட்டேன். இப்போது அந்தத் தழும்பின்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. அது இருந்ததால் அவன் உள்ளே, அது இல்லாததால் நான் வெளியே.

கம்பெனியில் லீவு கேட்டேன். பஞ்சு வந்து குவிகிற காலம், மூச்சு விடக்கூட நேரமில்லை என்று தலைமைக் குமாஸ்தா கையை விரித்துவிட்டார். எனக்கு வீட்டு விஷயத்தைச் சொல்லப் பயம், வேலை போய்விடுமோ என்று. பிள்ளையை அப்படிப் போட்டுவிட்டு வண்டி ஏறினேன். மணியாச்சியில் மதுரை வண்டி வராமல் நின்றபோது, எல்லாரையும் பிடித்துக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. திரும்பி வந்தால் வாசல் அறையோடு சரி. உள்ளே தம்பி அவளுக்குக் கதை சொல்லும் குரல் கேட்கும். கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

இரண்டொரு நாளில், விஷயம் தெரிந்த சுப்பையா பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. தலைமைக் குமாஸ்தா முன்னால் போய், "இவரு வீட்டுல பிள்ளைக்கு அம்மை போட்டிருக்குவே, நீரு என்ன லீவு இல்லங்கீரு?" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அந்த மனுஷர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். "எந்திரியும்வே! மூணு தண்ணி ஊத்தி அம்மை இறங்குத வரைக்கும் இந்தக் கேட்டுப் பக்கம் வரப்படாது!"

அத்தனை கெஞ்சியும் கிடைக்காத லீவு, ஒரு வார்த்தையில் கிடைத்துவிட்டது. அம்மன் தன் பெயரைச் சொல்லியே எனக்கு லீவு வாங்கிக் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்த வண்டியில் நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

ஆனால் வீட்டில் இருந்தும் வெளியேதான் இருந்தேன். பிள்ளைக்கு முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிவிட்டன. "கண்ணுல முத்து விழுந்திருந்தா பார்வை போயிரும்" என்று வந்தவர்கள் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைவிட, அவள் ஒன்றும் குடிக்கவில்லை. இளநீரைச் சங்கில் ஊற்றி வைத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். உள்ளே பேச்சுச் சத்தம் குறைந்துபோயிற்று. "தாயே, நான் கேட்டதெல்லாம் வேண்டாம். பிள்ளையை விட்டுவிடு" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மத்தியானம் தம்பி வெளியே வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, என் கையைத் தட்டித் தட்டி விடுதா. 'அவுக, அவுக'ன்னு கேக்குதா."

"யாரை?"

"ஒங்களைத்தான்."

பிச்சம்மாள் நடையில் வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "கால் கழுவிட்டு வாங்க" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். மூடிய கண்ணோடு பிள்ளை தடவித் தடவி என் கையைப் பிடித்தாள். கட்டைவிரலைக் கண்டுபிடித்து இறுக்கிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தினமும் ஸ்டேஷனுக்குப் புறப்படுமுன் விளக்கேற்றாமல், யாரையும் எழுப்பாமல், அவள் பக்கத்தில் கொஞ்சம் உட்காருவேன். என் கட்டைவிரலை அவள் கைக்குள் வைப்பேன். தூக்கத்திலேயே பிடித்துக்கொள்வாள். வண்டிக்கு நேரமாகிறது என்று பைய உருவிக்கொண்டு போவேன். அது பிள்ளைக்குத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. வெளிச்சத்தில் நான் அந்நியன். இருட்டில் அவள் என்னை அறிந்திருந்தாள்.

சங்கை வாயில் வைத்தேன். குடித்தாள். கொஞ்சம் நின்று, மறுபடி குடித்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படியில் தம்பி நின்றான். அவன் முகம் எனக்கு நன்றாகப் பழகின முகம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் முகம் அப்படி இருந்திருக்கும்! பாவம் என்று தோன்றவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆமாம், அம்மன் முன்னால் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான்தான் கொடுக்க வேண்டும், நான்தான் விசிற வேண்டும். முத்து வாடத் தொடங்கியது. இனிக் கண் திறந்துவிடும் என்று பூசாரி சொன்னார். எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒரு குரல், "திறந்தால் அவள் உன்னைப் பார்ப்பாள். யாரோ என்பாள். அவனிடம் போய்விடுவாள். இப்படியே இருக்கட்டுமே" என்றது.

ஐயோ, பெற்ற தகப்பனுக்கு வருகிற நினைப்பா இது! எனக்கு வந்தது. ஓடிப்போய் அம்மன் நடையில் விழுந்தேன். "கண்ணைத் திற தாயே. அவள் அவனையே அப்பா என்று கூப்பிடட்டும். என்னைத் தெரியாமலே போகட்டும். பார்வையைக் கொடு" என்றேன். எரிச்சல் போகவில்லை. எரிச்சலோடேதான் கேட்டேன். வாய் கேட்டது, வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை வெயில் முற்றத்தில் இறங்கும்போது பிள்ளை கண்ணைத் திறந்தாள். இரண்டு கண்ணும் தெளிவாக இருந்தன. முதலில் அம்மாவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்து, "அப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் இந்த ஆள் என்கிற பார்வை. சரி, கேட்டதுதானே கிடைத்திருக்கிறது என்று கையை எடுக்கப் போனேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தானாக, இறுக்கி மூடிக்கொண்டாள். கையை நீட்டித் தடவினாள். என் கட்டைவிரல் கிடைத்ததும் பிடித்துக்கொண்டு மறுபடி கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அவுக!" என்று சிரித்தாள்.

நான் அழுத அழுகையைப் பார்த்துப் பிச்சம்மாள் பயந்துவிட்டாள். தம்பியும் அழுதான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இரண்டு பேரும் அழுதோம்.

பிச்சம்மாள் பயந்தபடி எனக்கும் அம்மை வந்தது. என்னைப் பார்த்துக்கொண்டது யார்? ஆறுமுகம்தான். வேப்பிலைக் கொத்தால் வீசிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தான். இப்போது தழும்பில் அண்ணனும் தம்பியும் சமம். கம்பெனி வேலையும் போகவில்லை. சுப்பையா பிள்ளை என் கணக்கையும் சேர்த்துப் பார்த்திருந்தார். பிள்ளை கன்னத்தில் நாலைந்து தழும்பு உண்டு, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பங்குனியிலேயே அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்தினேன்.

இன்றைக்கும் அதே ரயில்தான், அதே மணியாச்சிதான். ஒன்று மட்டும் மாறிவிட்டது. புறப்படுமுன் இப்போது விளக்கை ஏற்றிவிடுகிறேன். பிள்ளையை எழுப்பி என் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போவேன். "தூங்குத பிள்ளையை எழுப்பாதீங்க" என்று பிச்சம்மாள் தினமும் சண்டைக்கு வருகிறாள். பிள்ளையும் சிணுங்குகிறது. சிணுங்கட்டும், பார்த்துவிட்டுச் சிணுங்கட்டும்.

உங்களில் எத்தனையோ பேர், மனசு சுத்தமான பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று நின்றுகொண்டிருக்கிறீர்கள். நிற்காதீர்கள். அவளிடம் போய் நல்லவன் வேஷம் போட வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள், பொறாமை இருந்தால் பொறாமையோடு போங்கள். என் வேண்டுதலில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரிந்து செய்வாள். நம்பிப் போங்கள்.

என்னைக் கொஞ்சம் சீக்கிரம் விடுங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை ஆற்றுக்குப் போக எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பாள். நான் போவதற்குள் ஆறுமுகம் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.